பீடத்தில் இருக்கும் ஆண்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் பூங்காவில் இருந்த தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2021-ல் அகற்றினார்கள், 2023-ல் உருக்கியும் விட்டார்கள். அடிமைமுறையைக் காக்க நின்ற தரப்பின் தளபதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது வரலாற்றை அழிப்பது ஆகாதா? இன்று லீ, நாளை யார்? பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்தால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

நாளை யார் என்பதை நாளைக்கு இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள், விடுங்கள். பலகை தாராளமாக வைக்கலாம். குதிரைமேல் இருப்பவரை அண்ணாந்து பார்க்கிறவன் குனிந்து பலகை படிப்பான் என்று மட்டும் நம்பாதீர்கள்.

'வரலாறு' என்றீர்களே, அதுதான் என்னை உசுப்பியது. லீ இறந்தது 1870-ல். சிலை வந்தது 1924-ல். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு ஓட்டும் இல்லை, வெள்ளையர் பக்கத்தில் உட்கார இடமும் இல்லை என்று ஆக்கி வைத்திருந்த காலம் அது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2020-ல் துறைமுகத் தண்ணீருக்குள் தள்ளினார்களே, அடிமை வணிகர் கோல்ஸ்டன், அவர் இறந்தது 1721-ல், சிலை 1895-ல். இடையில் 174 வருஷம்! அது கோல்ஸ்டனின் வரலாறா, 1895-ல் சந்தா போட்டவர்களின் வரலாறா? பீடத்தில் ஆண்டைப் பார்க்காமல் வரலாறு, வரலாறு என்று கத்துவது சோம்பேறித்தனம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுக்கல் நட உதவுமாறு 1869-ல் அழைத்தபோது, போரின் புண்களைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்று மறுத்து எழுதியவர் லீயேதான். அவருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அதையாவது படித்திருக்கலாம்.

சரி, கோபமாக எழுதிவிட்டேன். உங்கள்மேல் இல்லை, ஆங்கிலேயப் படை அதிகாரி நீல்மேல். 1857-ல் கான்பூரில், தரையில் காய்ந்த ரத்தத்தைக் கைதிகளை நக்க வைத்துத் தூக்கிலிட்டவர். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் போராடி, கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்ன மகளோடு சிறைக்குப் போனார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை இறங்கியது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்டு வயதில் அதைப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது பூட்ஸ்தான். யாருப்பா இது என்று கேட்டேன். "எவனோ வெள்ளைக்கார துரை, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார் அப்பா. அந்தச் சிலை மவுண்ட் ரோட்டில் நின்ற நாட்களில் தினமும் அதைத் தாண்டித்தான் அவர் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்.

அஞ்சலையம்மாள் பெயரையே நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன். மகளின் பெயர் அம்மாக்கண்ணு. அப்பாவைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருந்திருப்பார்.