மயிலாடுதுறையிலிருந்து மணலில் இறங்காத கடற்கரை நடை

வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தந்தையும் ஆறு வயது மகனும் உடன்வர, மணலில் கால் புதையாமல் ஞாயிறு பிற்பகலில் கடலோரம் நடக்க இடம் கேட்டிருந்தீர்கள். நான் தரங்கம்பாடியையே சொல்வேன். மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1986 வரை ரயிலே ஓடியது, இப்போது பேருந்தையோ சொந்த வண்டியையோதான் நம்ப வேண்டும்.

1792இல் கட்டப்பட்ட நகர வாயிலில் இறங்கி, ராஜ வீதி வழியாகக் கிழக்கு நோக்கி நடந்தால், 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயத்தையும், ஜெர்மானியக் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும் கடந்து, டென்மார்க் நாட்டினரான டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் முன்னுள்ள திடலை அடையலாம். மொத்தத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. தெரு மேடுபள்ளமின்றி நேராகச் செல்வதால் தந்தைக்குச் சிரமமிராது. வேண்டுமானால் அவரை வண்டியில் கோட்டைவரை அனுப்பிவிட்டு, நீங்களும் மகனும் நடந்து வரலாம். கோட்டைக்குள் மேல்தளத்துக்குப் படியேற வேண்டும் என்பதால் அதை அவர் தவிர்க்கட்டும். திடலிலிருந்தே கடல் நன்றாகத் தெரியும்.

கிழக்குக் கடற்கரையில் காலை வெயில் முகத்தில் அடிக்கும். ஆகவே நான்கு மணிக்குமேல் செல்வதே நல்லது. கரையோரம் 1306இல் எழுப்பப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலில் கடல் அரித்தது போக எஞ்சிய பகுதியை மகனுக்குக் காட்டுங்கள், ஆனால் அங்கே கற்களின்மீது ஏற விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் அலையும் மிகுதியாக இருக்கும் என்பதால், பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம்.