ஏழு கடற்கரை, ஐந்து நாள், ஒரு குக்கர்

கேள்வி: இந்த ஆண்டுதான் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். டிசம்பரில் இரண்டு வேனில் 14 பேர், மெர்சிங்கில் தொடங்கி கோலபெசுட் வரை மலேசியாவின் கிழக்குக்கரை ஓரமாகவே போய் ஏழு கடற்கரைகளைப் பார்க்கத் திட்டம். ஐந்து நாள். செலவு கட்டுப்படியாக அரிசி, குக்கர் எல்லாம் கொண்டு போகிறோம். "கடல் பார்க்க நம் பக்கத்து மோரிப் கடற்கரை போதாதா?" என்கிறார் வீட்டுக்காரர். நிம்மதியாக உட்கார எந்தக் கடற்கரை நல்லது?
- ஒரு வாசகி, பந்திங்

பதில்: டீச்சர், முதலில் மாதத்தை மாற்றுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்குப் படகு பெரும்பாலும் ஓடாது. விடுதிகள் பூட்டிக் கிடக்கும். 2014 டிசம்பரில் கிளந்தான் மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சமயத்தில் செராத்திங் கடற்கரைக்கு ஆசையாக வருகிறவர்கள் பலகையோடு அலைமேல் சறுக்குகிறவர்கள்தான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த ரகமாகத் தெரியவில்லை.

வீட்டுக்காரரையும் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். மோரிப் சேறுதான், ஒப்புக்கொள்கிறேன். 1945 செப்டம்பர் 9 அன்று அங்கே இறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வண்டிகளே சேற்றில் புதைந்து நின்றன. எதிரே சுமத்ரா மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் அலை சின்னது; ஆறு கொண்டுவரும் வண்டல் கரையிலேயே தங்கிவிடுகிறது. கிழக்கே தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. அலை வண்டலை அலசிக்கொண்டு போய் மணலை விட்டுவைக்கிறது. நீங்கள் ஆசைப்படும் வெள்ளை மணலைத் தந்த அதே அலைதான் டிசம்பரில் ஆளையும் இழுக்கும்.

சரி, மாதத்தை மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து நாளில் ஏழு இடம் இறங்கி ஏறினால் எங்கே உட்காருவது? நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். குவாந்தான் தெலுக் செம்பெடாக்கில் செருப்பைக் கழற்றி மணலில் கால் வைப்பதற்குள் மாமா வேனில் ஹாரன் அடித்துவிட்டார். அந்தப் பயணத்தில் இன்றைக்கும் எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது முன்சீட்டின் முதுகு.

அப்புறம் அந்தக் குக்கர். 14 பேருக்கு யார் சமைப்பது என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை லோரியில் மோரிப் போவோம். ஆண்கள் கடலில், பிள்ளைகள் முழங்கால் சேற்றில் சிப்பி தேடிக்கொண்டு. அம்மா சவுக்கு மரத்தடியில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காற்றில் அணைந்து அணைந்து போகும் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். சாயங்காலம் சட்டி கழுவப் போகும்போதுதான் அவர் கால் தண்ணீரில் படும்.

டிசம்பரில்தான் எல்லாருக்கும் லீவு கிடைக்கும் என்றால் மேற்குக்கரையில் உள்ள பங்கோர் தீவுக்குப் போங்கள். பந்திங் வழியே போகும் அதே 5ஆம் எண் சாலை சித்தியவான் வரை கொண்டுவிடும். பக்கத்தில்தான் லுமுட், அங்கிருந்து ஃபெர்ரி. தீவின் தெலுக் நீப்பா கடற்கரையில் மணல் உண்டு, இருவாட்சிப் பறவைகள் ஆளுக்குப் பயப்படாமல் வந்து உட்காரும். கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயிலும் இருக்கிறது, வீட்டுப் பெரியவர்களைக் கிளப்புவதும் சுலபம்.

கிழக்குக்கரைதான் வேண்டும் என்று பிடிவாதமா? மே, ஜூனில் போங்கள். கோலபெசுட் இருக்கும் திரெங்கானு மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் கூட்டம் குறைவு. பட்டியலில் உள்ள ஏழு பெயரையும் அடித்துவிட்டு, கோலபெசுட்டில் நேராகப் படகேறி பெர்ஹெந்தியானில் நான்கு இரவும் ஒரே இடத்தில் தங்குங்கள். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு 'நிறுத்தம்' என்றுதான் அர்த்தம். பந்திங் பஸ் ஸ்டாப்பில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! சாப்பாடு தீவிலேயே கிடைக்கும். அரிசி மூட்டையையும் குக்கரையும் வீட்டுக்காரரிடம் கொடுத்து மோரிப்புக்கு அனுப்பிவையுங்கள்.