பழம்படங்களும் பழந்தாள்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமியாரின் இரும்புப் பெட்டியில், தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறக் குடும்பப் படம் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்த பழம்பொருள் வியாபாரி, ‘1850ஆம் ஆண்டுப் படம்’ என்று சொல்லி விலைக்குக் கேட்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அந்த ஆண்டை நம்ப வேண்டாம். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிய தாளில் படம் எடுக்கும் முறையை பிரான்சில் பிளான்கார் எவ்ரார் என்பவர் அறிமுகப்படுத்தியதே 1850இல்தான். அந்த முறை கடல் கடந்து வந்து, தென்னாற்காட்டுக் குடும்பம் ஒன்று ஸ்டூடியோவுக்குப் போய் உட்காரும் அளவுக்குப் பரவுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். பழம்பொருள் வியாபாரத்தில் பழுப்பு நிறம் என்றாலே நூற்றைம்பது ஆண்டு என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. 1940இல் எடுத்த படமும் சரியாகக் கழுவப்படாவிட்டால் பழுப்பேறும்.

முதலில் அட்டையை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஆறரைக்குப் பத்து சென்டிமீட்டர் இருந்தால், அது 1854இல் பாரிசில் திஸ்தெரி காப்புரிமை பெற்ற சிறு அட்டைப் பட வகையைச் சேர்ந்தது. பதினொன்றுக்குப் பதினாறரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால், 1860களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய ‘கேபினட்’ அட்டை என்று கொள்ளலாம். இவ்விரு அளவுகளும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தன. ஆகவே, அட்டையின் அளவைக் கொண்டு ஒரு படம் எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று சொல்லலாமே தவிர, அது எடுக்கப்பட்ட ஆண்டைச் சொல்ல முடியாது.

அடுத்து, ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வரிசை வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்படமே அன்று; அச்சில் வந்த படம். புள்ளிகள் இல்லாமல் தாளின் நார்கள் தெரிந்து, வெளிர்ப்பகுதிகள் மஞ்சளித்து, மேற்பரப்பில் மயிரிழை போன்ற நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் வெள்ளைக்கருத் தாளாக இருக்கலாம். 1850களின் நடுப்பகுதியிலிருந்து 1890கள் வரை உலகெங்கும் பெருவழக்காக இருந்தது அதுதான். நார்கள் தெரியாமல் மேற்பரப்பு வழவழப்பாக இருந்து, சாய்த்துப் பிடிக்கும்போது கருமையான பகுதிகளில் வெள்ளி போன்ற மினுமினுப்பு எழுந்தால், அது ஜெலட்டின் பூசிய தாள். இருபதாம் நூற்றாண்டின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பகுதி இவ்வகையே. கடைகளில் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழ், இருட்டறையில் படத்தின் பின்புறத்தைக் காட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. தாள் நீலவெண்மையாகப் பளீரென ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் இரசாயனம் சேர்ந்த தாள் அது. 1950களுக்கு முன் புகைப்படத் தாளில் அந்த இரசாயனத்தைச் சேர்க்கும் வழக்கம் இல்லை. ஒளிராவிட்டால் அதனாலேயே பழையது என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடையை வைத்து ஆண்டு கணிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோவிலேயே இரவல் கிடைத்த காலம் அது. மாறாக, அட்டையின் அடியில் பதித்திருக்கும் ஸ்டூடியோ முத்திரையைக் கவனியுங்கள். நம் பக்கத்தில், குறிப்பாகப் புதுச்சேரியின் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களில், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் நகர ஸ்டூடியோ முத்திரையோடு படங்கள் கிடைப்பதுண்டு. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பியவை அவை. அப்படியொரு படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டில் கப்பலேறினார் என்று உங்கள் மாமியாரால் சொல்ல முடியுமானால், அவர் சொல்லும் இரண்டு வரி, வியாபாரி சொல்லும் விலையைவிடப் பெரிது. அவர் நினைவோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பேனாவும் பால்பாயிண்ட்டும் கூடவே கூடாது. பெயர் தெரியாத படம் சந்தையில் ‘பழைய குடும்பப் படம்’ என்ற ஒரே கூடையில் விழுந்துவிடுகிறது.

கேள்வி: கல்யாணப் பத்திரிகைகள், மணவிழா வாழ்த்து மடல்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள் ஆகியவற்றைச் சேர்த்து வருகிறேன். வீட்டில் ‘குப்பை’ என்கிறார்கள். இவற்றுக்கு மதிப்பு உண்டா? பலவற்றில் ஆண்டு இல்லை, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வீட்டாரிடம் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல்களோடு நில்லாமல் பத்திரிகைகள், அழைப்பிதழ்கள், நோட்டீஸ்கள் என்று மற்றவர்கள் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டே 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுத வருபவர்கள் அங்கே போகாமல் இருப்பது அரிது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது இத்துறையின் பெரிய இன்பம் என்பேன். கல்யாணப் பத்திரிகையில் ஆங்கில ஆண்டு இல்லாவிட்டாலும் தமிழ் வருடம் பெரும்பாலும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால், ‘விளம்பி வருடம்’ என்பது 1898, 1958, 2018 ஆகிய மூன்றில் ஒன்றில் சித்திரையில் தொடங்கியதாக இருக்க வேண்டும். தாளையும் அச்சையும் பார்த்தாலே எந்த விளம்பி என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். விளங்காவிட்டால், தேதியோடு அச்சிட்ட கிழமையைப் பழைய பஞ்சாங்கத்தில் ஒத்துப் பார்க்கலாம். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விளம்பி வருடத்துத் தை மாதக் கல்யாணம் 1958இல் நடந்திராது, 1959இல்தான் நடந்திருக்கும்.

விலை அச்சிட்டிருந்தால் வேலை இன்னும் எளிது. அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ என்று நயா பைசா குறித்திருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. ‘சென்னை ராஜ்யம்’ என்று இருந்தால் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வருவதற்கு முந்தியது என்று கொள்ளலாம். கடலூரை ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று குறித்திருப்பவை 1993க்கு முந்தியவை. ஆனால் மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய பெயரையே எழுதிக்கொண்டிருந்த பெரியவர்கள் எத்தனையோ பேர் என்பதால் இதை உறுதியான சான்றாகக் கொள்ள வேண்டாம். உங்கள் புதுச்சேரித் தாள்களுக்குத் தனி அடையாளம் உண்டு. பிரெஞ்சிந்திய அஞ்சல் தலைகளில் 1923 முதல் பிராங்குக்குப் பதிலாக ஃபனோன், காஷ் என்ற உள்ளூர் நாணயக் கணக்கு வந்தது. ஒரு ரூபாய்க்கு எட்டு ஃபனோன், ஒரு ஃபனோனுக்கு இருபத்து நான்கு காஷ். தலை ஒட்டிய உறையோ அட்டையோ கையில் இருந்தால் தலையை மட்டும் கிழித்து எடுக்காதீர்கள். முத்திரை, முகவரி, தலை மூன்றும் சேர்ந்திருக்கும்போதே அது ஆவணம்.

எழுத்துருவமும் சாட்சி சொல்லும். ணை, லை, னை, ணா, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டது 1978இல். பழைய அச்செழுத்துகளை வைத்திருந்த அச்சகங்கள் அதற்குப் பின்னும் அவற்றையே கோத்தன. ஆகவே பழைய எழுத்து இருப்பதால் மட்டும் ஒரு நோட்டீசை 1978க்கு முன்னே தள்ள முடியாது. மறுபுறம், பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தியதால், இயக்கத்தார் வெளியிட்ட பழைய துண்டறிக்கைகளில் புதிய எழுத்தைக் கண்டு ‘இது பிற்காலத்தது’ என்று தவறாக ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் கடைசி வரியில், மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். நாடக நோட்டீசில் நடிகர் பெயரைத் தேடுகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. நீங்கள் முதலில் அதைப் படியுங்கள்.

கேள்வி: தாத்தாவின் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்து எடுப்பது எப்படி? மழை வெள்ளத்தில் நனைந்த படங்களைக் காப்பாற்றும் முறையையும் சொல்லுங்கள்.
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: பிரிக்காதீர்கள். படத்தின் மேல் இருக்கும் ஜெலட்டின் ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. கத்தி நுழைத்தாலோ நீரில் ஊறவைத்தாலோ தாத்தாவின் முகம் கண்ணாடியில் தங்கிவிடக்கூடும். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, அதன் மேலாகவே நல்ல நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை அப்படியே வைத்திருங்கள். இனிப் புதிதாகச் சட்டம் போடும்போது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் அட்டைச் சட்டகம் வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். ‘தேவையில்லை சார்’ என்று பிரேம் கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள்.

2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட கடலூர்க்காரர்களுக்கு இரண்டாவது கேள்வியின் அவசரம் தெரியும். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காய்ந்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில், தேய்க்காமல் அலசி, தாமாகப் பிரிபவற்றை மட்டும் பிரித்து, படம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். எண்ணிக்கை அதிகமாகி இரண்டு நாளில் முடியாது என்று தோன்றினால், படங்களுக்கு இடையே மெழுகுத்தாள் வைத்து, பையில் இட்டு உறைபெட்டியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்து வேலை செய்யலாம். பழைய கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் உறையவிடக் கூடாது. லேமினேஷன் செய்வதும் செல்லோ டேப் ஒட்டுவதும் வெள்ளத்தைவிட நிதானமாக அதே அழிவைச் செய்பவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் இருப்பதும், தை பிறந்ததும் ஆல்பங்களைத் திறந்து காற்றாட விடுவதும் போதுமான பராமரிப்பு.

கேள்வி: காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ரவி வர்மா லட்சுமி படம் ஒன்று வாங்கினேன். அசலா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோனாவாலா அருகிலுள்ள மளவலிக்கு இடம் மாறி, கைமாறி, 1906இல் அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் அதே படங்களை அச்சிட்டது, பிறர் செய்த நகல்களுக்குக் கணக்கே இல்லை. எனவே உங்கள் கேள்வியைச் சற்று மாற்றி, அது எந்த அச்சுமுறையில் வந்தது என்று கேட்க வேண்டும். கல்லில் வரைந்து அச்சிடும் பழைய கல்லச்சுப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒழுங்கற்ற மணல் போன்ற புள்ளிகள் பல நிறங்களில் சிதறித் தெரியும்; அண்மைக் கால ஆஃப்செட் நகலில் சிறு பூக்களைப் போல ஒழுங்காக அணிவகுக்கும். படத்தின் கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருந்தால் நல்லது. அந்த விளிம்பைப் பிரேமுக்காக வெட்டிவிட்டவர்கள் செய்த நஷ்டத்துக்கு மருந்து இல்லை. சேலைக்குச் சரிகையும் மணியும் தைத்திருந்தால் அவற்றைப் பிய்க்க வேண்டாம். அப்படி அலங்கரிப்பது அந்தக் காலத்து வழக்கம்.

கேள்வி: பாரிசில் இருக்கும் என் தம்பி, வீட்டிலுள்ள பழைய தஞ்சாவூர் ஓவியத்தையும் கொள்ளுப்பாட்டனாரின் நொத்தேர் (பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) பத்திரங்களையும் அனுப்பச் சொல்கிறான். அனுப்பலாமா?
– வாசகி, நெல்லித்தோப்பு

பதில்: தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972இன்படி, நூறாண்டுக்குக் குறையாத ஓவியம் தொல்பொருளாகும்; வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் எழுபத்தைந்து ஆண்டே போதும். தொல்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. குடும்பச் சொத்து என்பதும் தம்பிக்கு அன்பளிப்பு என்பதும் விலக்காகா. ஓவியத்தின் வயது நூறுக்குக் குறைவு என்று கருதினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். பத்திரங்களைப் பொறுத்தவரை தம்பிக்கு வேண்டியது அவற்றிலுள்ள செய்தியாகவே இருக்கும். நல்ல ஸ்கேன் அனுப்பிவிட்டு மூலத்தை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊரில் நின்றுபோன ஸ்டூடியோ ஒன்றின் நெகட்டிவ்கள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. வீட்டில் இடம் இல்லை. வியாபாரியிடம் கொடுக்கவா, நிறுவனத்திடம் கொடுக்கவா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வியாபாரியிடம் போனால், தேறும் படங்களைப் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுவார், ஒரு ஸ்டூடியோவின் முழுத் தொகுப்பு அன்றே இல்லாமல் போகும். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய பெரும் புகைப்படக் காப்பகத்தை வைத்திருப்பதோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களை எண்ணிம வடிவில் பதிவுசெய்யும் பணியிலும் ஈடுபட்டிருக்கிறது. முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் ஸ்டூடியோ இருந்த தெரு, இயங்கிய காலம், நெகட்டிவ்கள் கண்ணாடியா பிலிமா, எத்தனை பெட்டிகள், கூடவே ரசீதுப் புத்தகமோ பதிவேடோ உண்டா என்பதைக் குறிப்பிடுங்கள். பதிவேடு இருந்தால் அதை நெகட்டிவ்களிலிருந்து பிரிக்கவே கூடாது. எந்த எண்ணுக்கு எந்தக் குடும்பம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். பெட்டியைத் திறக்கும்போது புளித்த காடி வாடை அடித்தால், பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டிகளை மட்டும் தனியே பிரித்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, கடிதத்தின் முதல் வரியிலேயே அதைத் தெரிவியுங்கள்.