கொம்பும் காலும் சேர்ந்து வருகிறதா?

1996 முதல் மதுரையில் டி.டி.பி. வேலை செய்துவரும் பக்க வடிவமைப்பாளர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, ஈரோட்டில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டருக்கும் அடோபி வடிவமைப்பு மென்பொருளுக்குச் சந்தா கட்டிக் கட்டி மாளவில்லை. அதே வேலைக்கான அஃபினிட்டி மென்பொருள் இலவசமாகிவிட்டதாமே, மாறிவிடலாமா?

மாறலாம். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

அஃபினிட்டியை உருவாக்கியது இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் செரிஃப் நிறுவனம். 2013-ல் அடோபி தன் புதுப் பதிப்புகளெல்லாம் இனி சந்தாவுக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே ‘ஒருமுறை காசு கொடுத்தால் போதும்’ என்று அஃபினிட்டி டிசைனர் வந்தது. 2015-ல் படத்தைத் திருத்த ஃபோட்டோ, 2019-ல் பக்கம் அமைக்க பப்ளிஷர். 2024 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டிசைன் மென்பொருள் நிறுவனமான கான்வா செரிஃபின் அஃபினிட்டியையே வாங்கியது. 2025 அக்டோபர் கடைசியில் மூன்றையும் ஒரே செயலியாக்கி இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஏ.ஐ. வசதிகள் வேண்டுமென்றால்தான் கட்டணம்.

ஆங்கில விசிட்டிங் கார்டு, படம் வைத்த நோட்டீஸ் எல்லாம் அதில் தாராளமாகச் செய்யலாம். தமிழ்ப் பக்கம் என்றால் முதலில் ஒரு சோதனை. ஒரு யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துருவில் ‘கொடி, கோவில், சௌந்தரம்’ என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். யூனிகோடில் ‘க’ முன்னால் பதிவாகும், ‘கொ’ என்ற உயிர்மெய்க்கான குறி அதற்குப் பின்னால்தான் பதிவாகும். கொம்பை இடப்பக்கம் தூக்கி வைத்து, காலை வலப்பக்கம் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அஃபினிட்டியின் பழைய பதிப்புகளுக்கு இது வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிப்புக்கு வருகிறதா என்று நீங்களே கண்ணால் பார்த்து, பி.டி.எஃப். எடுத்து, அதையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் இந்தப் பிரச்சினை உண்டு. 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் இந்திய எழுத்துகளுக்கு வழி பிறந்தது. அதிலும் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற எழுத்தமைப்பு வசதியைத் தேர்ந்தெடுத்தால்தான் எழுத்து சரியாக வரும். ஒரு பள்ளி ஆண்டு மலரில் படக்குறிப்புக்கான ஸ்டைலில் மட்டும் அதை மாற்ற மறந்துவிட்டேன். உள்ளே கட்டுரைகளெல்லாம் சுத்தமாக இருந்தன. படங்களுக்குக் கீழே ‘கோமதி’களும் ‘யோகேஷ்’களும் கொம்பு இடம் மாறி நின்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சந்தாவை விடும்போது தேதி பாருங்கள். ‘ஆண்டுத் திட்டம், மாதத் தவணை’ என்று சேர்ந்திருந்தால், நடுவில் விலகுபவரிடம் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதைச் சரியாகத் தெரியப்படுத்தவில்லை என்றுதான் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மேல் வழக்குப் போட்டது. விலகுவதற்கு முன் ஒவ்வொரு இன்டிசைன் கோப்பையும் ஐ.டி.எம்.எல். வடிவிலும் சேமித்துவிடுங்கள். அந்த வடிவத்தை அஃபினிட்டி 2020-லிருந்தே திறக்கிறது; இலவச மென்பொருளான ஸ்கிரைபஸும் திறக்கும். வெறும் இன்டிசைன் கோப்பாக வைத்திருந்தால், உங்கள் சொந்த வேலையைத் திறந்து பார்க்கவே மறுபடி சந்தா கட்ட வேண்டிவரும்.

செயலித் திரைகளை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவை அடோபி வாங்குவதை ஏன் தடுத்தார்கள்? ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால் நமக்கு என்ன நஷ்டம்? (டிசைன் படிக்கும் மாணவர், கோயம்புத்தூர்)

தம்பி, நீ பிறப்பதற்கு முந்தைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒரு காலத்தில் பத்திரிகை உலகமே குவார்க் நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான குவார்க் எக்ஸ்பிரஸ் கையில் இருந்தது. 1998-ல் அடோபியையே விலைக்குக் கேட்டது குவார்க். அடோபி விற்கவில்லை. 1999-ல் இன்டிசைனைக் கொண்டுவந்தது. மேக் கம்ப்யூட்டர்கள் புது இயங்குதளத்துக்கு மாறியபோது இன்டிசைன் 2002-லேயே அதற்குத் தயார். குவார்க் வந்து சேர 2003 ஆனது. அப்போது நகர்ந்தவர்கள் திரும்பவில்லை. அன்று அந்த விற்பனை நடந்திருந்தால் இன்டிசைன் வந்திருக்குமா?

விற்பனை நடந்த கதையும் இருக்கிறது. 1994-ல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைச் செய்த ஆல்டஸ் நிறுவனத்தை அடோபி வாங்கியது. ஆல்டஸ் கையில் ஃப்ரீஹேண்ட் என்ற படம் வரையும் மென்பொருளும் இருந்தது. அடோபியின் இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர் போட்டி அது என்பதால், அதை உருவாக்கியவர்களிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது அமெரிக்க வர்த்தக ஆணையம். அப்புறம் அது மேக்ரோமீடியா நிறுவனத்துக்குப் போனது. 2005-ல் 340 கோடி டாலருக்கு மேக்ரோமீடியாவை அடோபி வாங்க, சுற்றி வளைத்து ஃப்ரீஹேண்டும் கூடவே வந்தது. 2007-ல் அதற்கு இனி புதுப் பதிப்பு கிடையாது என்றார்கள். அதில் கை பழகியவர்கள் பாதி வழியில் நின்றார்கள்.

ஃபிக்மா விஷயத்தில் இந்தக் கதை திரும்ப நடக்கக் கூடாது என்றுதான் பிரிட்டன், ஐரோப்பியப் போட்டி ஆணையங்கள் ஆட்சேபித்தன. 2022 செப்டம்பரில் 2,000 கோடி டாலருக்குப் பேசிய பேரம் 2023 டிசம்பரில் கைவிடப்பட்டது. ஒப்பந்தப்படி 100 கோடி டாலரை ஃபிக்மாவுக்கு அடோபி கொடுத்தது. ஃபிக்மா தனியாகவே நின்று, 2025 ஜூலையில் நியூயார்க் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. தடுத்தது சரி என்பதே என் கருத்து. கான்வாவும் ஒரு போட்டியாளரை வாங்கித்தானே வளர்கிறது என்று நீ கேட்டால், ஆமாம், அதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

என் பழைய புத்தகங்கள் எல்லாம் சி.டி.யில் பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கின்றன. யாரிடம் கொடுத்தாலும் திறக்கவில்லை என்கிறார்கள். (எழுத்தாளர், நாகர்கோவில்)

ஐயா, முதலில் அந்த சி.டி.க்களை இன்றே ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். சி.டி. கெட்டுப்போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். அதன் கோப்புகளைப் பழைய இன்டிசைன் திறந்தது, சி.எஸ்.6-க்குப் பிறகு வந்தவை திறப்பதில்லை. அதனால் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் டி.டி.பி. மையத்தைத் தேடுங்கள். எங்கள் கடையில் ஒன்றை இதற்காகவே துடைத்து வைத்திருக்கிறேன். கோப்பு திறந்த பிறகு எழுத்து ஆங்கிலமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு உள்ளே இருப்பது ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்க வேண்டும். சில இடங்களில் மேற்கோள் குறியும் கிரந்த எழுத்தும் மாறிப்போயிருக்கும்.

அச்சுப் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை யாருக்கும் இரவல் கொடுக்காமல் எடுத்து வையுங்கள். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால், ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.