பீரோல தூங்குற செடிங்கள கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. பன்னெண்டு வருஷமா ஹெர்பேரியம் ஷீட்ட, அதாவது காஞ்ச செடிய ஒட்டி லேபிள் போட்ட தாள, டிஜிட்டைஸ் பண்ற வேலைல இருக்கேன். காஞ்ச செடி, ஊசில குத்தின பூச்சி, பறவை கணக்கு, எதுவா இருந்தாலும் உலகத்துல எங்க இருந்தும் ஒருத்தர் தேடி எடுக்கணும், அதுக்கு நம்மள மாதிரி நாடுகள்ல என்ன வேணும்ங்கறதுதான் பேச்சு. வந்த கேள்விக்கெல்லாம் இங்கயே பதில் போடறேன்.

அக்கா, எங்க காலேஜ் பாட்டனி டிபார்ட்மென்ட்ல 4,000 ஷீட் கெடக்கு. ஸ்கேனர் வாங்க காசில்ல. எங்க ஆரம்பிக்கிறது?

ஸ்கேனர அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல பீரோவ தெறந்து பூச்சி அரிச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு நம்பர், ஒரு தடவ குடுத்தா சாகற வரைக்கும் மாறாத நம்பர். ஸ்டாண்டுல போன மாட்டி, பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்தாலே லேபிள் படிக்கற அளவுக்கு வந்துடும். எக்செல்ல காலம் (column) தலைப்ப மட்டும் இஷ்டத்துக்கு வெக்காதீங்க, டார்வின் கோர்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, 2009ல முறைப்படி ஏத்துக்கிட்டது, இன்னின்ன விவரத்துக்கு இன்னின்ன தலைப்புன்னு உலகம் பூரா அதுதான்.

தேதி விஷயத்துல ரொம்ப உஷாரா இருங்க. லேபிள்ல 3-4-1931னு இருக்கும், நீங்க அடிச்ச உடனே எக்செல் அத மார்ச் 4ஆ மாத்துமா ஏப்ரல் 3ஆ மாத்துமாங்கறது அந்த கம்ப்யூட்டர் செட்டிங்கப் பொறுத்தது, 1900க்கு முன்னாடி தேதின்னா அதுக்கு தேதின்னே புரியாது, வெறும் எழுத்தா விட்டுடும். ஒரே காலம்ல ரெண்டும் கலந்து கெடந்த ஃபைல உக்காந்து சரி பண்ணிருக்கேன், மாசக்கணக்குல போச்சு. அதனால வருஷம், மாசம், நாள் மூணையும் தனித்தனி காலமா அடிங்க.

பழைய லேபிள்ல 'டின்னவெல்லி'ன்னு மட்டும் இருக்கு மேடம். கூகுள் மேப்ல திருநெல்வேலி டவுன் பாயின்ட்ட எடுத்து போட்டுடலாமா?

தயவுசெஞ்சு போடாதீங்க. அந்தக் காலத்து டின்னவெல்லி ஒரு பெரிய ஜில்லா. தூத்துக்குடி பிரிஞ்சது 1986ல, தென்காசி பிரிஞ்சது 2019ல. கடற்கரை மணல்ல பறிச்ச செடியும் மலைக்காட்டுல பறிச்ச செடியும் ஒரே பேர்லதான் எழுதிருப்பாங்க. நீங்க டவுன் நடுவுல புள்ளி வெச்சா, மழைக்காட்டு மரம் ஜங்ஷன் பக்கத்துல மொளச்சதா ஆகிடும், அத நம்பி ஒருத்தர் எந்தச் செடி எங்க வளரும்னு கம்ப்யூட்டர்ல கணிச்சு மாடல் ஓட்டுவார். புள்ளி வெக்கறதா இருந்தா எத்தன மீட்டர் தப்பா இருக்கலாம்னு எழுத தனி காலம் இருக்கு, அதுல 60 கிலோமீட்டர்னா 60,000ன்னு போடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. தெரியலன்னா காலியா விடுங்க, பூஜ்யம் போடாதீங்க. அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டுலயும் பூஜ்யம் போட்டா உங்க செடி ஆப்பிரிக்காவுக்கு மேற்கால கடல்ல போய் நிக்கும். லேபிள்ல இருந்த வார்த்தைய மட்டும் எழுத்து மாறாம அப்படியே ஒரு காலம்ல வெச்சிருங்க.

ஷீட்டே பத்திரமா இருக்கறப்ப போட்டோ எதுக்கு?

2018 செப்டம்பர் 2, பிரேசில் நேஷனல் மியூசியம் எரிஞ்ச ராத்திரி. பூச்சி கலெக்‌ஷன்ல பெரும்பகுதி போச்சு. ஹெர்பேரியம் வேற கட்டடத்துல இருந்ததால தப்பிச்சுது. அவ்ளோதான் வித்தியாசம், கட்டடம். ஷீட் எரிஞ்சா போட்டோவாவது மிஞ்சும்.

நம்ம டேட்டாவ ஏன் டென்மார்க்ல இருக்கற ஜிபிஐஎஃப்புக்கு (உலகம் பூரா இருக்கற உயிரினப் பதிவுகள ஒண்ணா சேக்கற தளம்) குடுக்கணும்? வெள்ளக்காரன் பேப்பர் போடவா?

இந்தக் கோவம் நியாயமானது, எனக்கும் இருந்துச்சு. நம்ம மலைல பறிச்ச எத்தனையோ செடி லண்டன் கியூ தோட்டத்துலயும் பாரிஸ் மியூசியத்துலயும் இருக்கு, பாக்கணும்னா விசா வாங்கணும். இதுக்கு பிரேசில்காரங்க ஒரு வழி பண்ணாங்க, 2010ல ரிஃப்ளோரான்னு ஆரம்பிச்சு, அங்க இருக்கற தங்களோட செடிங்கள போட்டோவா ஊருக்கு வரவழைச்சாங்க. அதாவது டேட்டா ரெண்டு பக்கமும் ஓடணும். ஜிபிஐஎஃப்ல போட்டாலும் ஒரிஜினல் உங்ககிட்டதான், லைசென்ஸ் அவங்க ஏத்துக்கற மூணு வகைல நீங்க தேர்ந்தெடுக்கறதுதான், யார் டவுன்லோட் பண்ணாலும் அதுக்கு ஒரு டிஓஐ நம்பர் (மாறாத அடையாள எண்) விழும், அத பேப்பர்ல ஒழுங்கா சைட் பண்ணா உங்க காலேஜ் கணக்குலயும் ஏறும். பூட்டி வெச்சா யாருக்கும் தெரியாது, அரிக்கற பூச்சிக்குத்தான் லாபம்.

அரிய பல்லி, ஆர்க்கிட் இருக்கற இடத்தையுமா போடணும்?

வேண்டாம். சீனாவுல ஒரு பல்லி இனத்த 1999ல புதுசுன்னு அறிவிச்சாங்க, இடத்த பாத்துட்டு வியாபாரிங்க போய் அங்க இருந்தத கிட்டத்தட்ட வழிச்சு எடுத்துட்டாங்க. மாவட்ட அளவோட நிறுத்திக்கோங்க, துல்லியமான இடம் உங்க ஃபைல்ல மட்டும் இருக்கட்டும்.

மூணு வருஷ ப்ராஜெக்ட் முடிஞ்சதும் வெப்சைட் செத்துடுதே சார்/மேடம், என்ன பண்றது?

மேடம்தான். இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கற கேள்வி. கோஸ்டா ரிக்காவுல இன்பியோன்னு ஒரு நிறுவனம், 1989ல தொடங்குனது, கிராமத்து ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து லட்சலட்சமா பூச்சி சேர்த்தாங்க, உலகமே பாராட்டுச்சு. பணம் வத்திப் போய் 2015ல கலெக்‌ஷன நேஷனல் மியூசியத்துக்கிட்ட ஒப்படைக்க வேண்டியதாச்சு. மெக்ஸிகோல கொனாபியோ 1992ல வந்தது, அது அரசோட கமிஷன், இன்னும் ஓடுது. நான் வேல செஞ்ச ஒரு ப்ராஜெக்ட்ல சர்வர் வாங்க காசு இருந்துச்சு, டேட்டா பாக்கற பொண்ணுக்கு நாலாவது வருஷம் சம்பளம் இல்ல. அவ போன ஆறு மாசத்துல பேக்கப் எங்க இருக்குன்னு சொல்ல ஆளில்ல. மானியத்துக்கு எழுதும்போது மெஷின கொறச்சுக்கோங்க, ஒரு நிரந்தர போஸ்ட் கேளுங்க.

தமிழ்ப் பேர் ஏத்த முடியுமாக்கா?

தாராளமா, வட்டாரப் பேருக்குன்னே டார்வின் கோர்ல இடம் இருக்கு. பழைய ஷீட்டுல கேசியா ஆரிகுலேட்டான்னு இருக்கும், இப்போ அது சென்னா ஆரிகுலேட்டா, ஊர்ல மாத்திரம் அப்பவும் இப்பவும் ஆவாரைதான். எந்த ஊர்ல கேட்டீங்கன்னு சேத்து எழுதுங்க. ஆனா பழங்குடி மக்கள் சொன்ன மருந்துப் பக்குவத்த அவங்க சம்மதம் இல்லாம ஒரு வரி கூட ஏத்தாதீங்க, பேர் மட்டும் போதும்.