இறந்தவரின் கதவு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இத்தாலி போய்வந்தோம். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியவை பழைய கதவுகள்தான். இருநூறு படமாவது எடுத்திருப்பேன். குப்பியோ ஊரில் ‘இறந்தவரின் கதவு’ என்று ஒன்றைக் காட்டினார்கள். பிணத்தை வெளியே கொண்டுபோக மட்டுமே அதைத் திறப்பார்களாம். சிலிர்த்துவிட்டது. இப்போது வீடு கட்டுகிறோம். புது மரத்தையே சங்கிலியால் அடித்து, சுரண்டி, அதுபோல் பழசாக்கித் தருவதாகச் சொல்கிறார் ஆசாரி. செய்யலாமா? நம் செட்டிநாட்டுக் கதவுகள் இத்தாலியக் கதவுகளுக்குக் குறைந்தவையா?

ம., கோவை

அன்புள்ள ம.,

செட்டிநாட்டை விட்டுவிடுவோம், கதவுகளுக்குள் பந்தயம் எதற்கு? ஃபிளாரன்ஸின் ‘சொர்க்க வாசல்’ என்ற வெண்கலக் கதவையும் படம் எடுத்திருப்பீர்கள். தெருவைப் பார்த்து நிற்பது நகல். சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த அசல் 1966 வெள்ளத்தில் அடிபட்டது. இப்போது பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரி, அது போகட்டும்.

குப்பியோவுக்கு வருகிறேன். நான் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனசைவிட்டுப் போகாத கதவு அது.

அந்தக் கல்வீடுகளில் அருகருகே இரண்டு வாசல்கள். ஒன்று அகலமாக, தெருமட்டத்தில். மற்றது ஒடுக்கமாக, தெருவிலிருந்து நன்றாகத் தூக்கலாக, படியே இல்லாமல். இவ்வளவு உயரத்தில் உயிருள்ளவன் எதற்கு ஏறப்போகிறான், அப்படியானால் பிணத்துக்குத்தான் என்று யாரோ சொல்ல, கதை ஒட்டிக்கொண்டது. சாவு போன வழியில் திரும்பி வரக்கூடாது என்று ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது.

நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? ஒடுக்கமான கதவைத் திறந்ததும் உள்ளே செங்குத்தாக மாடிப்படி. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு பேர் அதில் இறங்கி, ஒரு ஆள் நுழையும் வாசலில் வெளியே வந்து, அந்தரத்தில் கால் வைக்க வேண்டும். பக்கத்திலேயே அகலமான வாசல் இருக்கும்போது! அகல வாசல் கீழ்த்தளத்துக் கடைக்கும் பட்டறைக்கும். ஒடுக்கமானது மாடியில் குடியிருந்தவர்களுக்கு. வெளியே மரப்படி வைத்து ஏறுவார்கள். இரவில் அதை உள்ளே இழுத்துக்கொண்டால் வீடு பத்திரம். கட்டடத்தைப் பார்த்தால் இந்த விளக்கம்தான் பொருந்துகிறது.

எனக்கு வருத்தம் இதில்தான். தண்ணீர்க் குடத்தோடும் விறகோடும் இடுப்புக் குழந்தையோடும் தினம் ஏறி இறங்கிய வாசல் அது. அப்படி வாழ்ந்தவர்களை மறந்துவிட்டு, நமக்குச் சிலிர்க்க வேண்டும் என்பதற்காக அதைச் சாவின் வாசலாக்கிவிட்டோம். நீங்களும் ஒரு நிமிடம் சிலிர்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டீர்கள்.

அந்த ஊரில் இரண்டு சந்து தள்ளி ஒரு பெரியவர் தன் வீட்டுக் கதவுக்குத் துணியால் ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். செஸ்ட்நட் மரம். ஒவ்வொரு இரும்பாணியைச் சுற்றியும் மை சிந்தியதுபோல் கறுப்பு. அந்த மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம், இரும்பு பட்டு ஈரம் சேர்ந்தால் கறுத்துவிடும். சாவித் துவாரங்கள் மூன்று. மேலே இருந்ததைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், நடுவில் இருந்ததில் மெழுகு, கீழே இருந்தது மட்டும் புழக்கத்தில். அடிப்பலகை மழையில் இற்று, புதுத் துண்டு ஒட்டுப்போட்டது. நிறம்கூடச் சேரவில்லை. சேர வேண்டும் என்று அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. எண்ணெயை அந்தத் துண்டுக்குத்தான் இரண்டு முறை தேய்த்தார், பிள்ளைக்குத் தலை தேய்ப்பதுபோல.

ரோமில் சாந்தா சபினா கோயிலின் சைப்ரஸ் மரக்கதவு ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 28 சித்திரப் பலகைகளில் 18 இன்றும் இருக்கின்றன. மரம் அவ்வளவு காலம் தாங்கும், அம்மா. யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஆசாரி கேட்டதை மறந்துவிட்டேனே. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது மரத்தைச் சங்கிலியால் அடிக்க அவருக்கு எப்படி மனசு வந்தது? வழவழப்பாக இழைத்து, எண்ணெய் கொடுத்து, நல்ல கீல் போட்டு மாட்டச் சொல்லுங்கள். உங்கள் குழந்தைகள் சைக்கிளைக் கொண்டுபோய் மோதட்டும்.

அப்புறம் அந்த இருநூறு படங்களில் குப்பியோ கதவு இருந்தால் எனக்கு அனுப்புங்கள். வாசலின் அடிக்கல் தெரிகிற மாதிரி ஒன்று.