தார் மணலுக்கும் துருவப் பனிக்கும் முன்: தேரியிலும் உப்பளத்திலும் பழகுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வரும் டிசம்பரில் மனைவியுடன் ஜெய்சல்மேர் செல்கிறேன். பிப்ரவரியில், நார்வேயில் வேலை பார்க்கும் மகள் எங்களை ட்ரொம்சோவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஏ.பி.எஸ்.-சி சென்சார் உள்ள கேமரா ஒன்றும், 18-55, 55-250 மி.மீ. லென்ஸ்களும், ஒரு முக்காலியும் இருக்கின்றன. இவை போதுமா? எதை வாங்க வேண்டும்? மணலிலும் பனியிலும் கேமராவை எப்படிக் காப்பது? துருவ ஒளியை (அரோரா) படம் எடுக்க என்ன அமைப்பு வைக்க வேண்டும்?”

ஐயா, உங்கள் கேமராவும் இரண்டு லென்ஸ்களும் தார் பாலைவனத்துக்குத் தாராளமாகப் போதும். துருவ ஒளிக்கு மட்டும் ஒரே ஒரு லென்ஸ் கூடுதலாகத் தேவைப்படும். அதை வாடகைக்கும் எடுத்துக்கொள்ளலாம். பணத்தைவிட இப்போது நீங்கள் செலவழிக்க வேண்டியது நேரத்தை. மணலும் பனியும் கேமராவின் கணக்கைத் தவறச் செய்பவை. அந்தத் தவறை முதன்முறையாகப் பயணத்தின்போது சந்திப்பவர்கள், ஊர் திரும்பிக் கணினியில் பார்க்கும்போதுதான் அதை அறிகிறார்கள். திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு ஒரு பெரும் வசதி உண்டு. திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரிக்காடு ஒரு சிறு பாலைவனம். தூத்துக்குடி உப்பளமோ, எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியளவின் கணக்கைப் பொறுத்தவரை, பனிவெளியேதான். இரண்டுக்கும் காலையில் போய் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆடி மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள்; தேரியில் காற்றும் உப்பளத்தில் உப்புக் குவியலும் ஒருசேரக் கிடைக்கும் பருவம் இது.

முதலில் உப்பளத்துக்குப் போங்கள். கேமராவின் ஒளிமானி, தன் முன் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. உப்புக் குவியல் சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைக்கும்படி நின்று, கேமரா சொன்னபடியே ஒரு படம் எடுத்துப் பாருங்கள்: கண் கூசும் வெண்மை, அழுக்கு வேட்டியின் நிறத்தில் வந்திருக்கும். திரையில் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தால், மேடு முழுவதும் நடுவில் குவிந்து, வலப்பக்கம் வெறுமையாக இருப்பதைக் காண்பீர்கள். இப்போது எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானால் ஒன்று (+1) கூட்டுங்கள், பிறகு ஒன்றரை, பிறகு இரண்டு. மேடு படிப்படியாக வலப்பக்கம் நகர்ந்து, ஓரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவுதான் உங்களுக்கு வேண்டியது. அதைத் தாண்டினால் மிகுவெளிச்ச எச்சரிக்கை மினுக்கத் தொடங்கும். அந்த இடங்களில் உப்பின் மணிமணியான பரப்பு அழிந்து வெறும் வெள்ளைத்தாள் மிஞ்சும், பின்னால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ட்ரொம்சோவின் பனியிலும் இதே ஒன்று முதல் இரண்டு வரையிலான கூட்டல்தான். உப்பள உரிமையாளரிடம் அனுமதி கேட்டுச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் முக்காலியின் கால்களையும் ஈரத்துணியால் ஒற்றி, பின் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புத்தூள் உலோகத்தை அரிக்கும்.

தேரியில் சிக்கல் வேறு வகையானது. அந்த மண்ணின் செம்மைக்குக் காரணம் மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. செம்மணல் சட்டகத்தை நிறைக்கும்போது, மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும். ஆனால் சிவப்பு வரி மட்டும் தனியாக வலது ஓரத்தில் முட்டி நிற்கும். ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே தெரியும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்பைக் கவனித்தே அளவைத் தீர்மானியுங்கள். தாரின் மணல் வெளிர் மஞ்சள். அங்கே முக்கால் முதல் ஒன்று வரை கூட்ட வேண்டியிருக்கும், ஆனால் சூரியன் சாயும் நேரத்தில் அதுவும் சிவந்துவிடுவதால் தேரியில் பழகிய கண் உதவும். இரு இடங்களிலும், படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். கேமரா செம்மையைக் குறையென்று எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்ச அமைப்பில் நிறுத்தி, ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப்பதிவாகப் பதிவு செய்யுங்கள்.

மணல்மேட்டின் அழகு வெளிச்சத்தின் கோணத்தில் இருக்கிறது. சூரியன் எழுந்த அரைமணிக்குள் தேரியில் நின்றால், காற்று வரைந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் சிவந்த ஒளியும் மறுபக்கம் கருநிழலும் விழுந்திருக்கும். ஒரு வண்டு ஓடிய தடம்கூடத் தையல் போட்டதுபோல் தெளிவாகத் தெரியும். ஒன்பது மணிக்கு அதே இடத்தில் நிழல் சுருங்கி, எல்லாம் தட்டையாகிவிடும். சூரியனுக்கு நேர் எதிராகவோ அதை முதுகுக்குப் பின்னால் வைத்தோ நிற்காமல், ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள். ஜெய்சல்மேரில் இந்த அவசரம் சற்றுக் குறைவு. டிசம்பர் இறுதியில் அங்கே நண்பகல் சூரியன்கூட 40 பாகைக்கு மேல் ஏறாது, நம் ஊரிலோ அதே நாளில் 58 பாகை வரை போகும். விடிவதும் நெல்லையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தித்தான் என்பதால், விடியற்காலை எழுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குளிருக்கு மட்டும் ஆயத்தமாகப் போங்கள். பாலைவன இரவு பத்துப் பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும்.

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள சம் மணல்மேடுகளுக்குத்தான் எல்லோரும் மாலையில் போகிறார்கள். ஒட்டகமும் ஜீப்பும் ஆளும் மிதித்த மணலில் நிலக்காட்சி எடுப்பது கடினம். இரவுக் காற்று தடங்களை ஓரளவு அழித்துவிடும் என்பதால், அங்கேயே தங்கி அதிகாலையில் எடுப்பதே நல்லது. தென்மேற்கிலுள்ள குரி கிராமத்தைச் சுற்றியுள்ள மேடுகளில் கூட்டம் குறைவு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் குரியையே சொல்வேன். மணல்வெளிக்கு அகலக்கோண லென்ஸ்தான் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் உங்கள் 55-250 தான் அங்கே அதிகம் உழைக்கும்: தொலைவிலுள்ள மேடுகளின் முகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி அடுக்கிக் காட்டுவது அது. மேட்டின் ஒருபுறம் காற்று ஏறும் மென்சரிவாகவும், மறுபுறம் மணல் சரிந்து விழும் 30 பாகைக்கும் மேற்பட்ட கடுஞ்சரிவாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் முகட்டுக்கோடுதான் படத்தின் முதுகெலும்பு. எடுத்து முடிக்கும்வரை அந்தக் கோட்டில் கால் வைக்காதீர்கள்.

கேமராவை மணலிலிருந்து காப்பதற்கு நான் முதலில் சொல்வது, மணல்வெளியில் லென்ஸை மாற்றாதீர்கள் என்பதே. வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ, எந்த லென்ஸ் தேவை என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊர்க்காரர் நீங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று தேரியில் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கிளப்பிக்கொண்டு ஓடுவதைப் பாருங்கள், முக்காலியை முழுதும் தாழ்த்தி வைப்பது ஏன் தவறு என்பது புரியும். மணல் பெரும்பாலும் தாழ்வாகத்தான் பறக்கும். இடுப்பு உயரத்துக்கு மேல் கேமரா இருந்தால் தப்பிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் லென்ஸ் முனைக்கு மட்டும் துளையிட்டு ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளலாம். லென்ஸின் மேல் ஒரு தெளிவான யு.வி. ஃபில்டர் இருக்கட்டும். மணல் படிந்தால் துணியைத் தொடாதீர்கள். துகள் கண்ணாடியைக் கீறிவிடும். கைப் பம்பினால் ஊதி, தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணி. நீட்டிச் சுருங்கும் ஜூம் லென்ஸ் சுழலும்போது நறநறவென்றால், வலுக்கட்டாயமாகத் திருப்பாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

வடக்கில் கேமராவுக்கு எதிரி குளிரைவிட ஈரம். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துப்போவதை இங்கேயே பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த பொருளின்மேல் ஈரமுள்ள வெப்பக்காற்று படும்போது நீர் திரள்வதுதான் காரணம். ட்ரொம்சோவில் திசை மட்டும் மாறுகிறது: அங்கே வெளியிலிருந்து அறைக்குள் வரும்போது ஆபத்து. குளிரில் சில மணி நேரம் இருந்த கேமராவை நேரே வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால், வெளிக்கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளே எலெக்ட்ரானிக் பலகைகளிலும் நீர் திரளக்கூடும். ஆகையால் கதவைத் திறக்கும் முன்பே, வெளியிலேயே, மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். பிறகு அதைத் தோள்பைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோய், இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் திரளும். கேமரா உலர்ந்தே இருக்கும். படங்களைப் பார்க்கும் ஆவல் மேலிடும் என்பதால்தான் கார்டை முன்பே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இதைப் பயிற்சி செய்வதற்காகக் கேமராவை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்க வேண்டாம். பயனில்லை, கெடுதல் உண்டு.

லித்தியம் பேட்டரி குளிரில் விரைவில் சோர்ந்துவிடும், ஆனால் வெதுவெதுப்பானதும் பெரும்பாலும் மீளும். மூன்று வைத்துக்கொண்டு, இரண்டை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். விமானத்தில் உதிரிப் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மூச்சுக்காற்று கேமராவின் கண்துளையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே உறைந்துவிடும். முக்காலி அலுமினியம் என்றால் கால்களின் மேல்பகுதிக்கு நுரைக் குழாய் சுற்றுங்கள். மெல்லிய கையுறை, அதன்மேல் தடித்த கையுறை என இரண்டடுக்கு போட்டு, இருட்டறையில் பொத்தான்களைத் தடவியே இயக்கிப் பழகுங்கள். இதற்கு ஊரிலேயே ஒரு வாரம் போதும்.

இனித் துருவ ஒளி. ட்ரொம்சோ 69.6 பாகை வட அட்சத்தில், துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர்கீழே இருப்பதால், செயலிகள் காட்டும் கே.பி. எண் (பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பின் அளவு) ஒன்றோ இரண்டோ என்றிருந்தாலும் மனம் தளர வேண்டாம். அங்கே தடையாக நிற்பது மேகம்தான். கடலோர ஊர் என்பதால் குளிர் மிதமாகவும் வானம் அடிக்கடி மூடியும் இருக்கும். ஃபின்லாந்து எல்லையை நோக்கி உள்நாட்டுக்குள் போனால் குளிர் கூடும், வானம் தெளியும். நான்கு இரவுகளாவது ஒதுக்கச் சொல்லி மகளிடம் கூறுங்கள். நிலவு இருந்தால் குறையில்லை. அரைநிலவின் வெளிச்சம் பனிமலையைக் காட்டிக் கொடுக்கும், இல்லையேல் கீழ்ப்பகுதி கருமையாகவே விழும்.

இதற்குத்தான் அந்த ஒரு லென்ஸ். 11 முதல் 16 மி.மீ. வரையிலான, எஃப் 2.8 அல்லது எஃப் 2 துளையுள்ள ஒன்று (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). டோக்கினா, சாம்யாங் நிறுவனங்களின் பழைய லென்ஸ்களே போதும், தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) தேவையில்லை. உங்கள் 18-55இன் எஃப் 3.5 துளையைவிட எஃப் 2 மூன்று மடங்கு ஒளியைத் தரும். துருவ ஒளி திரைச்சீலைபோல் வேகமாக அசையும்போது 10 விநாடிப் படத்தில் அது பச்சைப் புகையாகக் குழம்பிவிட, மூன்று விநாடிப் படத்தில் மடிப்புகள் தனித்தனியே நிற்கும். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600இலிருந்து 3200 வரை, துளை முழுதும் திறந்து, மந்தமான ஒளிக்கு 8 முதல் 15 விநாடி, துடிக்கும் ஒளிக்கு 2 முதல் 4 விநாடி, வெள்ளைச் சமநிலை 3500 முதல் 4000 கெல்வின். மங்கலான துருவ ஒளி கண்ணுக்கு வெளுத்த மேகமாகத்தான் தெரியும். ஐயமிருந்தால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பச்சையாக வந்தால் மேகமல்ல.

மணலில் வைத்திருக்கச் சொன்ன ஃபில்டரை இங்கே அவசியம் கழற்றிவிட வேண்டும். துருவ ஒளியின் பச்சை, ஏறத்தாழ 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் உமிழும் 557.7 நானோமீட்டர் என்ற ஒற்றை அலைநீளம். தட்டையான ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் இடையே அது பிரதிபலித்து, படத்தின் நடுவே வட்டவட்டமாக வளையங்களை உண்டாக்கும். இரவில் சிறு திரையில் அது தெரியாது.

குவியத்தை நட்சத்திரத்தின் மேல் வைக்கப் பழகுவது, எல்லாவற்றிலும் அதிகப் பொறுமை கேட்கும் வேலை. ஊர் விளக்கு எட்டாத ஒரு குளக்கரையில், முக்காலியில் கேமராவைப் பூட்டி, லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் லென்ஸின் குவிய வளையத்தை நிறுத்தி, காகித டேப்பால் ஒட்டுங்கள். லென்ஸில் அச்சிட்ட முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். சில லென்ஸ்களில் கேமராவை அணைத்தாலே குவியம் இடம் மாறிவிடும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்பதை அங்கேயே சோதித்துவிடலாம். குளிரில் லென்ஸ் சுருங்குவதால் ட்ரொம்சோவில் அரைமணிக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பகலையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த பின் அந்தி சுமார் 22 நிமிடம்தான் நிற்கும். நம்மவர்கள் ஓடி ஓடி எடுத்துப் பழகியதற்கு அதுவே காரணம். பிப்ரவரி முற்பாதியில் ட்ரொம்சோவில் சூரியன் நண்பகலிலும் எட்டுப் பாகைக்கு மேல் எழாது. பகல் முழுவதும் காலைப்பொழுதின் ஒளிதான்; மறைந்த பின்னும் நீல அந்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். அங்கே அவசரப்படாமல் ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றி, நிறம் மாற மாற எடுங்கள். பனியின் நிழல் நீலமாக விழுவது வானத்தின் நிறம் அதில் படுவதால்; திருத்தும்போது அதை முழுக்க நீக்கிவிட வேண்டாம்.

ட்ரோன் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: ஜெய்சல்மேர் எல்லை மாவட்டம், நார்வேயில் பதிவு விதிகள் உண்டு; இரு பயணங்களுக்கும் அது வேண்டாம். லென்ஸை வாடகைக்கு எடுப்பதானால், புறப்படுவதற்கு முந்தைய நாள் வாங்காமல், ஒரு வாரம் முன்னதாகவே எடுத்து நட்சத்திரங்களில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். நான்கு மூலைகளிலும் புள்ளிகள் கூர்மையாக இல்லையென்றால் வேறொன்று கேட்க அப்போதுதான் நேரம் இருக்கும்.